கண் திறந்த படம்

இந்த வலைப்பூவை என் மகள் திறந்து கொடுத்து எத்தனையோ நாளாகிறது. தினமும் திறக்கிறேன், இரண்டு வரி அடிக்கிறேன், அழிக்கிறேன், மூடிவிட்டு அடுப்படிக்குப் போகிறேன். அங்கே அடுப்பில் ஒன்றும் இருக்காது. திரும்பி வந்து மறுபடியும் திறக்கிறேன். "எழுதணும்னா எழுது, இல்லேன்னா விடும்மா. இப்படி நடந்துக்கிட்டே இருக்காத, எனக்குத் தலை சுத்துது" என்று மகள் கத்துகிறாள்.

என்னோடு ராஜபாளையத்தில் படித்த நீங்கள்தான் இதற்கெல்லாம் காரணம். உங்களில் யாரோ ஒருத்தி தன் அம்மாவின் பழைய படத்தை நம் பள்ளி வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். அவ்வளவுதான், ஆளாளுக்கு ஆரம்பித்துவிட்டீர்கள். ரெட்டைச் சடை போட்ட அம்மா, தலைப்பிள்ளையை மடியில் வைத்த அம்மா, கொடைக்கானல் ஏரியில் பயந்துகொண்டு படகில் உட்கார்ந்திருக்கிற அம்மா. எல்லாம் போட்டுவிட்டு என்னைப் பிடித்துக்கொண்டீர்கள். "நீ மட்டும் ஏன் போடல? ஒளிச்சு வச்சிருக்கியா?" அடப் போங்கப்பா. ஒளித்து வைக்க ஒன்று இருந்தால் போட மாட்டேனா? இல்லை. என்னிடம் என் அம்மா படம் இல்லை. ஒன்று இருந்தது. அது எப்படி இல்லாமல் போனது என்று சொல்கிறேன், அதற்கப்புறம் யாரும் கேட்கக் கூடாது.

அம்மா இறந்தது எண்பதுகளின் நடுவில், ஒரு சித்திரை மாதம். எனக்குப் பத்து வயது. மஞ்சள் காமாலை. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள், பத்தியம் வைத்தார்கள், கடைசியில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனபோது நேரம் கடந்துவிட்டது. அம்மாவுக்குக் கல்யாணப் படம் கிடையாது. கோயிலில் வைத்துத் தாலி கட்டி, வீட்டுக்கு வந்து பாயசம் குடித்துக் கலைந்த கல்யாணம் அது. பிறகு எடுத்துக்கலாம், பிள்ளைக்கு மொட்டை போடும்போது எடுத்துக்கலாம், காது குத்தும்போது எடுத்துக்கலாம் என்று தள்ளிக்கொண்டே போனார்கள். அதனால் அம்மாவின் முதல் படமும் கடைசிப் படமும் ஒன்றுதான். அவளைத் தூக்குவதற்கு முன்னால் எங்கள் ஊர் போட்டோக்காரரைக் கூப்பிட்டு எடுத்த படம்.

அந்தக் காலத்தில் அது வழக்கம், உங்களுக்கும் தெரியும். நாற்காலியில் உட்கார வைத்து, இடுப்போடு துண்டால் கட்டி, நல்ல சேலை உடுத்தி, மாலை போட்டு, சுற்றி நாங்கள் நின்றோம். நாற்காலிக் கையை நான் பிடித்திருந்தேன். மூக்கில் பஞ்சு. தாடையைச் சேர்த்துத் தலையில் ஒரு கட்டு. கண் மூடியிருந்தது. "யாரும் அழாதீங்க, அசைஞ்சிரும்" என்றார் போட்டோக்காரர். நாங்கள் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

அந்த வருஷம் பள்ளிக்கூடம் திறந்ததும் டீச்சர் எல்லாரையும் ஆல்பம் போடச் சொன்னார். ஞாபகம் இருக்கிறதா? கலர் கலராகத் தாள் வைத்துத் தைத்த பெரிய நோட்டு. கடையில் தலைவர்கள் படம் அச்சடித்த தாளை வாங்கி, கத்தரித்து, மைதாப் பசை காய்ச்சி ஒட்ட வேண்டும். நீங்கள் எல்லாரும் தலைவர்களை ஒட்டினீர்கள். நான் என் அம்மாவை ஒட்டினேன். அம்மா தலைக்குத் தேய்க்கிற சீயக்காய்ப் பொட்டலத்தின் மேல்தாள், அவளுடைய அளவு ஜாக்கெட்டில் வெட்டிய ஒரு துண்டு, கொண்டை ஊசி அட்டை, கோலப்பொடி மடித்து வந்த காகிதம், அவள் குளிக்கப் போகும்போது கழற்றிக் கண்ணாடியில் ஒட்டிவைத்த ஸ்டிக்கர் பொட்டு. எல்லாவற்றையும் ஒட்டினேன். முதல் பக்கத்தை மட்டும் காலியாக விட்டேன், படத்துக்காக.

டீச்சர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "தலைவர்கள் படம் எங்க? குப்பையை எல்லாம் ஒட்டி வச்சிருக்க" என்றார். மார்க் போடவில்லை. பாவம், அவருக்கு எங்கள் வீட்டு விஷயம் தெரியாது. தெரிந்த யாராவது ஒருத்தி எழுந்து சொல்லியிருக்கலாம். அந்த வகுப்பில்தானே நீங்களும் இருந்தீர்கள்? சரி விடுங்கள்.

அம்மா போன பிறகு சித்தி எங்கள் வீட்டில் வந்து இருந்தாள். அம்மாவின் தங்கை. தாய் தகப்பன் இல்லாத அந்த இரண்டு பெண்களையும் ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கிண்டுகிற வேலை செய்த அவர்களுடைய அண்ணன், என் மாமாதான் வளர்த்தார். அக்காவைக் கட்டிக்கொடுத்தாயிற்று, அடுத்து இவள்தான் என்றிருந்த நேரத்தில் அக்காவே போய்விட்டாள். அப்பாவுக்குப் பஞ்சு மில்லில் ஷிப்ட் வேலை. எனக்குச் சோறு போட, சடை பின்ன ஆள் வேண்டும் என்று மாமாவே சித்தியைக் கொண்டுவந்து விட்டார். சித்திக்கு அப்போது இருபது இருக்கும். சடையை இழுத்துப் பிடித்துப் பின்னுவாள், வலிக்கும். அம்மா அப்படிச் செய்ய மாட்டாள் என்று நான் கத்துவேன். "ஒங்கம்மா வரமாட்டா, என் கையிலதான் பின்னிக்கிடணும்" என்பாள். பேச்சில் மென்மையே கிடையாது அவளுக்கு. இப்போதும் கிடையாது.

சுவரில் மாட்ட ஒரு படம் வேண்டும் என்று அப்பா சொல்லிக்கொண்டே இருந்தார். ஆடிப்பூரத் தேர் முடிந்து கூட்டம் குறைந்ததும், என்னையும் சித்தியையும் கூட்டிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறினார். தேரடிக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு ஸ்டூடியோ. மாமா வந்து சேர்ந்துகொண்டார், மேலெல்லாம் பால் காய்ச்சிய வாசனையோடு. ஸ்டூடியோவுக்குள் கோபுரமும் அன்னமும் வரைந்த திரை தொங்கியது. சுவர்க் கண்ணாடிக்குக் கீழே ஒரு பவுடர் டப்பாவும் ஊருக்கெல்லாம் பொதுவாக ஒரு சீப்பும்.

ஸ்டூடியோக்காரர் அம்மாவின் படத்தை விளக்குக்குக் கீழே பிடித்துப் பார்த்தார். "கண்ணு மூடியிருக்கே. இப்படியே பெருசாக்கி மாட்டினா வீட்டுக்கு ஆகாது. கண்ணத் தெறந்துருவோம்."

"தெறக்க முடியுமா?" என்றார் அப்பா.

"அதென்ன அப்படிக் கேட்டுட்டீக? எம்புட்டுப் பேருக்குத் தெறந்து விட்டிருக்கேன்! ஆனா அவுக கண்ணு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியணும்லா? சாயல் ஒத்து வாற மாதிரி கூடப் பெறந்தவுக யாரும் இருக்காகளா?"

எல்லாரும் சித்தியைப் பார்த்தார்கள். சித்தி என் தோளைப் பிடித்திருந்தாள். அந்தப் பிடி இறுகியது.

மறு வாரம் சித்தியை அம்மாவின் சேலை கட்டிக்கொண்டு வரச் சொன்னார் ஸ்டூடியோக்காரர். அப்போதுதான் தோள் சரியாக வருமாம். மாம்பழ நிறம், அரக்குக் கரை. டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்தபோது பாச்சை உருண்டை வாசம் அடித்தது. அந்தச் சேலையில் சித்தி ஸ்டூல் மேல் உட்கார, ஸ்டூடியோக்காரர் அவள் தாடையைத் தொடாமல் விரலை ஆட்டியே இடது பக்கம், கொஞ்சம் கீழே, அப்படியே என்று திருப்பினார். எனக்கு அங்கே நிற்கவே பிடிக்கவில்லை. வெளியே ஓடிப் போய்ச் செருப்புகளை ஜோடி சேர்த்து வைத்துக்கொண்டிருந்தேன்.

உள்ளே மாமாவின் குரல் கேட்டது. "வந்ததுதான் வந்தோம். இவளுக்கும் மாப்பிள்ள வீட்டுக்குக் குடுக்க ஒரு படம் வேணும். அதையும் எடுத்துருங்களேன்."

"தனியா எதுக்குங்கேன்? இதே நெகட்டிவ்ல ஒரு பிரிண்ட் போட்டாப் போச்சு" என்றார் ஸ்டூடியோக்காரர்.

"அண்ணே, அக்கா சேலையில…" என்று இழுத்தாள் சித்தி.

"சேலைக்கு என்ன குறைச்சல்? நல்ல சேலதான" என்றார் மாமா. ஆற்றில் போட்டாலும் அளந்து போடுகிற ஆள் அவர். ஒரே கல்லில் இரண்டு மாங்காய் அடித்த சந்தோஷத்தில் எனக்குப் பொட்டலம் நிறையப் பால்கோவா வாங்கித் தந்தார். தின்றேன். அதையும் சொல்லிவிட வேண்டியதுதான், நன்றாகத்தான் இருந்தது.

ஆவணியில் படம் வந்தது. கண்ணாடி போட்டு, சட்டம் அடித்து, கையால் வண்ணம் தீட்டியிருந்தார்கள். மாம்பழ நிறச் சேலையில் அம்மா கண்ணைத் திறந்து பார்த்தாள். கன்னத்தில் அவளுடைய மச்சம். அப்பா மில் உடையோடு, தலையில் பஞ்சுத் தூசியோடு, அதன் முன்னால் நின்றார். "அவளேதான்" என்றார். அப்புறம் தேம்பித் தேம்பி அழுதார். அம்மா இறந்த அன்றைக்குக்கூட அவர் அப்படி அழவில்லை. பக்கத்து வீட்டுத் தெலுங்கு அத்தை ஓடி வந்து பார்த்து, "அச்சம் மீ அம்மாவேடி!", அச்சு அசல் உங்கம்மாவேதான் என்று என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள்.

"இது அம்மா இல்ல" என்றேன்.

"ஏட்டி, சும்மா இரு. வேற யாராம்?" என்றார் மாமா.

"அம்மா இப்படிப் பாக்க மாட்டா."

எப்படிப் பார்ப்பாள் என்று கேட்டார்கள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பத்து வயதுப் பிள்ளைக்கு என்ன ஞாபகம் இருக்கப்போகிறது என்று அவர்களே பேசி முடித்துக்கொண்டார்கள். சந்தனம் வைத்து, பிளாஸ்டிக் மாலை போட்டு, கீழே சிவப்புப் பல்பு எரிய விட்டார்கள். சித்தி அந்தப் படத்துக்கு முதுகைக் காட்டியே வீட்டைக் கூட்டினாள். செத்துப்போன அக்காவின் மேல் இவ்வளவு வெறுப்பா என்று நான் நினைத்தேன். தெலுங்கு அத்தையும் அப்படித்தான் நினைத்தாள், வாய்விட்டும் சொன்னாள்.

ஆனால் பாருங்கள், பிள்ளை மனசு எதற்கும் பழகிவிடும். முதல் வாரம் அந்தப் படத்தின் பக்கமே போகவில்லை. அடுத்து, பள்ளிக்கூடம் போகும்போது ஓரமாய்ப் பார்ப்பேன். புரட்டாசி வந்தபோது பரீட்சை மார்க்கை அதனிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். சித்தி அடித்தால் அதனிடம் கோள் சொன்னேன். அது எல்லாவற்றையும் கேட்டது. எனக்கு அம்மா கிடைத்துவிட்டாள். ஆல்பத்தின் முதல் பக்கத்துக்குச் சின்னதாய் ஒரு பிரிண்ட் வேண்டும் என்று அப்பாவை நச்சரிக்க ஆரம்பித்தேன்.

ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மழை விட்டிருந்த நேரம், சொல்லாமல் கொள்ளாமல் கான்சாபுரத்திலிருந்து ஓர் அம்மாள் வந்து இறங்கினார். மாமா படம் கொடுத்தனுப்பியிருந்த மாப்பிள்ளை வீடு. மாப்பிள்ளையின் அம்மா. ஸ்டூடியோக்காரர்கள் கறுப்பைச் சிவப்பாக்கி விடுகிறார்கள், பெண்ணை நேரில் பார்த்துவிடுவோம் என்று அவரே புறப்பட்டு வந்துவிட்டார். கெட்டிக்காரி. அப்பா நாற்காலியைத் துடைத்துப் போட்டார். சித்தி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து கும்பிட்டாள்.

"படத்துல இருக்க மாதிரியேதான் இருக்கா. நல்ல லட்சணம்" என்று சிரித்தபடியே அந்த அம்மாள் உட்காரத் திரும்பினார். எதிர்ச் சுவரில் எங்கள் அம்மா.

அவர் உட்காரவில்லை. பைக்குள் கையை விட்டு, ஒரு மஞ்சள் கவரிலிருந்து சித்தியின் படத்தை எடுத்தார். மாமா கொடுத்த பிரிண்ட். அதே சேலை, அதே தலைச் சாய்ப்பு, அதே தோள். அதைத் தூக்கிச் சுவர்ப் படத்துக்குப் பக்கத்தில் பிடித்தார். அப்புறம் சித்தியைப் பார்த்தார். மறுபடியும் சுவரைப் பார்த்தார். தீட்டிய வண்ணத்தையும் மச்சத்தையும் தவிர ஒரு வித்தியாசம் இல்லை. மாலையும் சிவப்புப் பல்பும் தவிர.

"ஏம்மா…" என்று சுவரைக் காட்டினார். "உசிரோட இருக்க புள்ளைக்கு மாலை போட்டு வெளக்கு ஏத்துதீகளே. வெளங்குமா இந்த வீடு?"

"இல்லம்மா, அது என் சம்சாரம்…" என்றார் அப்பா.

"ஒங்க சம்சாரம்னா, இது யாரு?" கையிலிருந்த படத்தை நீட்டினார். "இந்தப் புள்ளையா? அப்ப இவளும் அவளும் ஒண்ணுதானா?"

அப்பா சித்தியிடம் காப்பி போடச் சொன்னார். நடந்ததைச் சொல்லப் போனால் எதிலிருந்து ஆரம்பிப்பது? காப்பி வேண்டாம் என்றார் அந்த அம்மாள். தண்ணீரும் குடிக்கவில்லை. சித்தியின் படத்தை அலமாரியில் வைத்துவிட்டு, "ஏட்டி, நீ நல்லாருப்ப. மொதல்ல அத எறக்கச் சொல்லு" என்று அவள் தலையைத் தொட்டுவிட்டுப் போய்விட்டார். நல்ல மனுஷிதான். பயந்துவிட்டார், வேறொன்றும் இல்லை. இன்றைக்கு அவர் இடத்தில் நான் இருந்தாலும் பயப்படத்தான் செய்வேன்.

ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? வாரம் திரும்புவதற்குள் ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் செய்தி போய்விட்டது. மாலை போட்ட பெண். மாமா வந்து நடையும் தாழ்வாரமுமாக அலைந்தார். கடைசியில் அப்பாவிடம் சொன்னார்.

"இனி வெளிய எவன் இவளக் கேட்டு வருவான்? அக்கா எடத்துக்குத் தங்கச்சி வாறது நம்ம சாதி சனத்துல நடக்காததா? புள்ளைக்கும் ஆளாச்சு. நீங்களே கட்டிக்கோங்க."

அப்பா தலையைத் தூக்கிச் சுவரில் இருந்த படத்தைப் பார்த்தார். அழுத நாளில் பார்த்த அதே பார்வை. நான் அதைப் பார்த்தேன். அடுப்படி வாசலில் நின்ற சித்தியும் பார்த்தாள்.

அவள் விறுவிறுவென்று வந்தாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினாள். மாலையைப் பிய்த்தாள், பல்பின் வயரை உருவினாள், படத்தைச் சுவரிலிருந்து கழற்றிக் கீழே சாய்த்து வைத்தாள். நான் அலறிக்கொண்டு ஓடிப் போய் அவள் கையைக் கடித்தேன். பல் பதிந்தது. "எங்கம்மாவ எடுக்காத! எங்கம்மாவ எடுக்காத!" என்று கத்தினேன். கையை உதறாமல் கடிக்க விட்டுவிட்டு, அப்பாவைப் பார்த்துச் சித்தி பேசினாள்.

"அத்தான், நீங்க அக்காவப் பாத்து அழுதீகன்னு ஊரே நெனைக்கு. நீங்க பாத்தது என் கண்ண. காலையில எந்திரிச்சா நானே என்னைய மொறைச்சுப் பாக்கேன், மாலையோட. சாமி சத்தியமா ஒடம்பு கூசுது. எங்க அக்கா சேலையில உக்காந்தேன், போதும். அவ எடத்துல உக்காரமாட்டேன்."

"பேசுத பேச்சா இது?" என்று மாமா கையை ஓங்கினார்.

அப்பா எழுந்து மாமாவின் கையைப் பிடித்தார். "அந்தப் புள்ள சொல்லுதது சரி. கொண்டுபோய் ஒங்க வீட்டுல விட்டுருவோம். என் புள்ளைய நான் பாத்துக்கிடுதேன்" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். அதைச் சொல்ல அவருக்கு என்ன ஆகியிருக்கும் என்று எனக்கு அவர் வயது வந்த பிறகுதான் தெரிந்தது. அன்றைக்கு எனக்குச் சித்தி மேல் கொலைவெறி. அம்மாவை இரண்டாம் தடவை சாகடித்தவள் அவள்.

மறுநாளே கிளம்பினோம். படத்தைப் போர்வையில் சுற்றி அப்பா மடியில் வைத்துக்கொண்டார். பஸ்ஸில் நான் சித்திக்குப் பக்கத்தில் உட்காரவில்லை. வன்னியம்பட்டி தாண்டும்போது ஒரு கிழவர் எட்டிப் பார்த்து, "யாரு படம்?" என்று கேட்டார். நாங்கள் மூன்று பேரும் மூன்று பக்கம் பார்த்தோம்.

ஸ்டூடியோவில் சித்திதான் பேசினாள். "இது வேண்டாம். எங்க அக்கா படம், நாங்க குடுத்தது, அதத் திருப்பிக் குடுங்க. கண்ணு மூடியிருந்தா மூடியிருக்கட்டும்."

ஸ்டூடியோக்காரருக்குக் கோபம் வந்தது. "இதுல என்ன குறை கண்டீக? எங்கயாச்சும் ஒட்டுத் தெரியுதா?" என்று சட்டத்தைத் தட்டினார். சித்தி நகரவில்லை. அவர் மேஜை இழுப்பறையைத் திறந்தார், மூடினார். பிறகு குரல் இறங்கிவிட்டது. "இல்லம்மா… மொதல்ல அதுலயேதான் கண்ண வரைஞ்சு பாத்தேன். சரியா வரல. மூக்குல பஞ்சு, தாடையில கட்டு, முகமெல்லாம் வீங்கிக் கெடந்தது. பிளேட வச்சுச் சுரண்டிச் சுரண்டித் திருத்தினேன். முகமே பிளேடோட வந்துட்டு. பொறவுதான் ஒங்க முகத்தையே எடுத்துக்கிட்டேன். அவுகளோடது அந்த மச்சம் ஒண்ணுதான்."

அந்தப் படத்தை எடுத்து நீட்டினார். நாற்காலி இருந்தது. மாலை இருந்தது. சேலை மடிப்பு இருந்தது. நாற்காலிக் கையைப் பிடித்து மூச்சை அடக்கிக்கொண்டு நான் இருந்தேன். முகம் இருந்த இடத்தில் தாள் வெளுத்து, பிளேடுக் கீறல் கீறலாக இருந்தது.

ராஜபாளையத்து போட்டோக்காரரிடம் நெகட்டிவ் இருக்குமே என்று நீங்கள் கேட்பீர்கள். அப்பாவும் ஓடினார். "எழவு வீட்டு நெகட்டிவக் கடையில வச்சிருந்தா கல்யாண ஆர்டர் வருமாய்யா? அன்னைக்கே கொளுத்திட்டேன்" என்றார் அவர். அதுவும் அந்தத் தொழிலில் ஒரு வழக்கம்தான். யாரைக் குறை சொல்ல?

அன்றைக்கு ஸ்டூடியோவிலிருந்து மாமா வேலை செய்த பால்கோவாப் பட்டறைக்குப் போனோம். அப்பாவும் மாமாவும் உள்ளே பேசிக்கொண்டிருக்க, நானும் சித்தியும் வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். உள்ளே அடுப்பில் பெரிய சட்டியில் பால் கொதித்து, கரண்டி சட்டியோடு உரசுகிற சத்தம். சித்தியின் கையில் என் பல் தடம் கன்றிப் போயிருந்தது. அதைத் தடவிக்கொண்டே அவள் கேட்டாள்.

"ஏட்டி, படம் வந்த அன்னைக்கு 'அம்மா இப்படிப் பாக்க மாட்டா'ன்னியே. எப்படிப் பாப்பா?"

அப்போதுதான் எனக்குச் சொல்லத் தெரிந்தது. "சிரிச்சா அம்மாவுக்கு ஒரு கண்ணு சின்னதாப் போயிரும். இந்தக் கண்ணு." என் இடது கண்ணைத் தொட்டுக் காட்டினேன்.

சித்தியின் முகம் மலர்ந்தது. "ஆமாட்டி! நானே மறந்துட்டேன் பாரு. சின்னதாத்தான் போவும்." அடுத்த நிமிஷமே நெற்றியைச் சுருக்கினாள். "ஆனா இடது இல்ல. வலது."

"இடது."

"எனக்கு அவ இருபது வருசம் அக்கா. வலது."

"எனக்கு அம்மா! இடதுதான்!"

அங்கேயே சண்டை போட்டோம். சத்தம் கேட்டு மாமா வெளியே வந்து இரண்டு பேரையும் வைதார். அப்பாவிடம் கேட்டேன். அவர் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "எனக்கு அது தெரியலையே தாயி" என்றார்.

மீதியைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன், எனக்கு உட்காரவே முடியவில்லை. இரண்டு வருஷம் கழித்துச் சித்தியைக் கோயில்பட்டிப் பக்கம் கட்டிக்கொடுத்தார்கள். அவர்களுக்குப் படம் ஏதும் அனுப்பவில்லை, நேரில் வந்து பார்த்துக்கொண்டார்கள். அப்பா கடைசிவரை இன்னொரு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சட்டம் போட்ட அந்தப் படத்தை ஸ்டூடியோக்காரரே எடுத்துக்கொண்டு, தன் கைவேலைக்குச் சாட்சியாகக் கடையின் கண்ணாடிப் பெட்டியில் வைத்துவிட்டார். தொண்ணூறுகளில் நான் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போகும்போதெல்லாம், தேவையே இல்லாமல் அந்தச் சந்து வழியாக நடந்தேன். சித்தி ஊருக்கு வந்தால் அந்தச் சந்தை விட்டுச் சுற்றிப் போவாள். பிறகு கடை கைமாறியது, கண்ணாடிப் பெட்டியும் போனது. சுரண்டின படத்தை நான் ஆல்பத்தின் முதல் பக்கத்தில் ஒட்டியிருந்தேன். மைதாப் பசை வாசத்துக்கு ராமபாணப் பூச்சி வந்து, நான் கல்யாணமாகிப் போயிருந்த காலத்தில், சீயக்காய்த் தாள் முதல் ஸ்டிக்கர் பொட்டு வரை ஒன்று விடாமல் அரித்துவிட்டது. அதற்குத் தலைவர்கள், அம்மாக்கள் என்ற பேதமெல்லாம் கிடையாது.

இதை எழுதி முடித்ததும் உங்களுக்குப் போடுவதற்கு முன்னால் சித்திக்குப் போன் செய்து முழுவதையும் வாசித்துக் காட்டினேன். அவளுக்கு இப்போது அறுபது தாண்டிவிட்டது. உம் கொட்டிக்கொண்டே கேட்டாள். கடித்த இடம் வந்தபோது, "இன்னும் தழும்பு இருக்கு, அதையும் எழுது" என்றாள். முடித்ததும் திருத்தம் சொன்னாள்.

"எல்லாம் சரிதான். ஆனா கண்ணு வலது. மாத்தி எழுது."

"மாத்த மாட்டேன்."

"அப்ப ஒம் மகள எனக்கும் ஒரு பிளாக் தெறந்து குடுக்கச் சொல்லு. நான் வலதுன்னு எழுதுதேன். படிக்கிறவுக பாத்துக்கிடட்டும்."

இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்து முடித்த பிறகு எனக்கு என்ன தோன்றியதோ, கேட்டுவிட்டேன். "சித்தி, நான் இடதுன்னு சும்மா வாயாலதான் சொல்லுதேன். கண்ண மூடினா எனக்கு ரெண்டு கண்ணும் சமமா இருக்க அந்த ஸ்டூடியோ முகம்தான் வருது. ஒனக்காச்சும் அம்மா வாறாளா?"

"இல்லட்டி," என்றாள். "எங்க அக்காவ நெனச்சா எனக்கு என் மூஞ்சிதான் வருது."

அதற்கப்புறம் நாங்கள் இரண்டு பேரும் பேசவில்லை. போனையும் வைக்கவில்லை.